பத்து மணிப் பரோட்டாவும் பறிபோகும் தூக்கமும்

கரும்பு அரவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளின் முன்னால் டிராக்டர்கள் ராத்திரியிலும் வரிசை கட்டி நிற்கும். எடை மேடைக்கு எப்போது கூப்பிடுவார்களோ என்று டிரைவர்கள் டீ மேல் டீயாகக் குடித்துக் கண்விழித்திருப்பார்கள். பத்து மணிக்கு மேல் பரோட்டாவும் சால்னாவும். லோடு இறக்கிவிட்டு வீட்டில் போய்ப் படுத்தால் உடம்பெல்லாம் அசதி, ஆனால் கண் மூடாது.

காரணம் வயிற்றுக்குள் போனதில் இருக்கிறது. பொழுதெல்லாம் உழைத்தவனுக்குச் உறக்கத்தைக் கொடுப்பது மூளையில் சேரும் அடினோசின். டீயிலுள்ள காஃபீன் அதை வேலை செய்யவிடாமல் மறிக்கிறது. குடித்ததில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். எண்ணெயில் ஊறிய பரோட்டாவோ இரைப்பையை விட்டு லேசில் இறங்காது. இறங்குமுன் படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சைக் கரிக்கும். கள்ளக்குறிச்சியில் கடை சாத்திவிட்டுப் போகும் வியாபாரிக்கும், சீரியல் முடிந்த பிறகே தட்டு வைக்கும் வீடுகளுக்கும் இதே கதைதான்.

“சோறு தின்னாத்தான் தூக்கம் வருது” என்பார்கள் நம் ஊரில். அதிலும் உண்மை இருக்கிறது. சர்க்கரையைச் சட்டென ஏற்றும் அரிசிச் சோறு சாப்பிட்டவர்கள் 9 நிமிடத்தில் தூங்கிவிட்டார்கள், மெதுவாக ஏற்றும் அரிசிக்கு 17.5 நிமிடம் ஆனது என்று 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று சொன்னது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது படுப்பதற்கு 4 மணி நேரம் முன்பு. நாம் கை கழுவிய ஈரத்தோடு பாய் விரிக்கிறோம். படுத்ததும் தூங்குவது வேறு, விடியும்வரை தூங்குவது வேறு. நார்ச்சத்து குறைந்து சர்க்கரையும் நிறைகொழுப்பும் கூடிய நாட்களில் தூக்கம் மேலோட்டமாகி அடிக்கடி கலைகிறது என்று 2016இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

“ரெண்டு ரவுண்டு போட்டாத்தான் உடம்பு வலி தெரியாம தூங்க முடியுது” என்ற பேச்சை இந்த ஊரில் இனியும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. மது சீக்கிரம் மயக்கும், பின்னிரவில் தூக்கத்தை உடைக்கும். அதுவும் நல்ல சரக்காக இருந்தால்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது.

மேலே கல்வராயன் மலையில் வேறு வழக்கம் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்துச் சாப்பிட்டவர்கள். விளக்கு வசதி இல்லாத காலத்தில் இருட்டுமுன் அடுப்பு அணைந்துவிடும். சாமைச் சோறும் கீரையும் பொழுதோடு உண்ட வயிறு, படுக்கும்போது லேசாகியிருக்கும். நார்ச்சத்தும் உண்டு, சர்க்கரையும் நிதானமாக ஏறும். ஆனால் சாமையை உமி நீங்கக் குத்துவது இடுப்பொடிக்கும் பாடு, அது பெண்கள் தலையில்தான் விழுந்தது. 2011இல் ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்க ஆரம்பித்தபோது உலக்கையை ஓரம் வைத்தவர்களை யார் குறை சொல்ல முடியும்?

2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ள அரசு வழி செய்தது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை ரேஷன் கடையில் உமி நீக்கிய சாமையை அப்படிக் கொடுக்கலாம். விளைவிக்கிறவரிடமே வாங்கி, மலையிலேயே மில் வைத்து உமி நீக்கினால் அந்தப் பெண்களுக்கு உலக்கை வேலையும் மிச்சம்.