நல்லிணக்கத்துக்கு முன் உண்மை: வகுப்பறைக்கு வர வேண்டிய குற்றப்பரம்பரைச் சட்டம்

2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஆவடியில் உள்ள நரிக்குறவர் குடியிருப்புக்கு நேரில் சென்றார். தங்கள் மக்கள் எதிர்கொள்ளும் இழிவைப் பற்றி அச்சமூகத்து மாணவியர் பேசிய பேச்சு அதற்கு முன்பே பரவலாகப் பகிரப்பட்டிருந்தது. 2023 ஜனவரியில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நெடுநாள் கோரிக்கை நிறைவேறியதில் நாமும் மகிழ்ந்தோம். ஆனால் பட்டியல் மாறியதால் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவரின் பார்வை மாறிவிடுமா? ஊர் ஊராகச் செல்லும் மக்களை ஐயத்தோடு நோக்கும் அப்பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பள்ளிகள் அவ்வரலாற்றைச் சொல்லித்தர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இதற்குக் கனடாவின் அனுபவம் உதவும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை அந்நாட்டு அரசு, திருச்சபைகளின் துணையோடு, 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளை உறைவிடப் பள்ளிகளில் வைத்தது. பலர் பெற்றோரிடமிருந்து வலிந்து பிரிக்கப்பட்டனர். தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். நோயாலும் புறக்கணிப்பாலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். 2008இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றுள் 62ஆவது, மழலையர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை இவ்வரலாற்றைக் கட்டாயப் பாடமாக்கக் கோருகிறது. அப்பள்ளிகளில் துன்புற்று உயிரோடிருப்போரையும் பூர்வகுடி மக்களையும் கலந்தே பாடம் எழுதப்பட வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது.

இங்கும் அதே காலத்தில் ஒரு சட்டம் குழந்தைகளைப் பிரித்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறப்பினாலேயே ஒருவரைக் குற்றவாளி என அறிவித்து, கைரேகை பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராகச் செய்த சட்டம் அது. அதன் 17ஆம் பிரிவு பலரும் அறியாதது. 6 முதல் 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் அடைக்க அப்பிரிவு அரசுக்கு அதிகாரம் தந்தது.

இச்சட்டம் யாரையெல்லாம் தீண்டியது என்பதையும் பார்க்க வேண்டும். குறவர்கள் ஸ்டூவர்ட்புரம் போன்ற முகாம்களில் குடியேற்றப்பட்டனர்; அம்முகாமை நடத்தியது இரட்சணிய சேனை. தென் ஆற்காட்டில் வேப்பூர்ப் பறையர்கள் அஜீஸ் நகர் முகாமில் அடைக்கப்பட்டனர். பிறமலைக் கள்ளர்களும் இச்சட்டத்துக்கு உட்படுத்தப்பட்டனர். அவர்கள் எதிர்த்து நின்றபோது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் காவல்துறை சுட்டுப் பலரைக் கொன்றது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் தொடக்கமும் அக்காலமே. இன்று ஆதிக்கத்தின் இருபுறமும் நிற்கும் சமூகங்களின் முன்னோர் ஒரே சட்டத்தின் கீழ் கைரேகை வைத்தவர்கள். இவ்வுண்மை இன்றைய சாதிய வன்முறைக்கு மன்னிப்பாகாது. எனினும் பிறப்பை வைத்து மனிதரை அளப்பது என்னவென்று அனைத்து மாணவரும் ஒன்றாக அமர்ந்து படிக்க இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

இந்த ஒப்பீட்டில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பள்ளிக்குள் இழுத்துச் சென்றார்கள். இங்கே நம் முன்னோரைப் பள்ளியின் வாசலிலேயே தடுத்தார்கள். 1890களில் சென்னையில் பஞ்சமர் பள்ளிகள் தோன்றியது அந்தத் தடையை மீறித்தான். ஆதிதிராவிடர் விடுதிகள் இல்லையென்றால் நம்மில் பலர் கல்லூரியைக் கண்டிருக்க மாட்டோம். ஆகவே விடுதியும் உறைவிடப் பள்ளியும் தம்மளவில் தீங்கானவை என்று நாம் சொல்லவில்லை. குழந்தையை அங்கே அனுப்புவது பெற்றோரின் விருப்பமா? விரும்பும்போது வீடு திரும்ப முடிகிறதா? அதன் மொழிக்கு அங்கே இடம் உண்டா? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே விடுதலைக்கும் அடைப்புக்கும் இடையிலான எல்லையைக் காட்டும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளையும் ஏகலைவா பள்ளிகளையும் இவற்றைக் கொண்டே நாம் மதிப்பிட வேண்டும்.

2023இல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டார். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கப் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் அப்பெயர் ஏன் வந்தது என்பதைக் கற்பிக்காமல் நீக்கினால், அநீதியின் தடயம் மட்டும் அழியும். அநீதி பற்றிய அறிவு பிறக்காது.

எப்படிக் கற்பிப்பது? முதலில், எந்த மாணவரையும் எழுப்பி உன் சமூகத்தின் கதையைச் சொல் என்று ஆசிரியர் கேட்கக் கூடாது. அது மற்றோர் அவமானம். மாறாக, சட்டத்தின் வாசகத்தையே பாடமாக வைத்து, இதை எழுதியவர் யாரை மனிதராகக் கருதவில்லை என்று வகுப்பு முழுவதையும் கேட்கலாம். அடுத்து, பாடத்தை உருவாக்கும் மேசையில் நரிக்குறவர், இருளர் சமூகங்களின் பட்டதாரிகள் அமர வேண்டும். நரிக்குறவரின் தாய்மொழியான வக்ரிபோலி தொடக்க வகுப்பில் ஒலிக்க வேண்டும். மூன்றாவதாக, வரலாறு முடிந்துவிட்டதெனச் சொல்லக் கூடாது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்குப் பெற்றோருடன் செல்லும் இருளர் குழந்தையின் படிப்பு இன்றும் பாதியில் நிற்கிறது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறை விதிகள் செல்லாது என உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் தீர்ப்பளித்தது.

சென்னை மாகாணம் 1947இல் இச்சட்டத்தைக் கைவிட்டது. நாடு முழுவதும் அது நீங்கியது 1952 ஆகஸ்ட் 31 அன்று. அந்நாளைச் சீர்மரபினர் விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கின்றனர். வரும் ஆகஸ்ட் 31 அன்று ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு பள்ளியாவது ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கட்டும். தலைமையாசிரியரைச் சந்தித்து அதைக் கேட்கும் பொறுப்பை இப்பகுதிக் கல்லூரி மாணவர்கள் ஏற்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் நல்லிணக்கம் வந்துவிடாது. ஆனால் உண்மையைச் சொல்லாமல் அது ஒருபோதும் வராது.