முதல் இழைப்புளி

ஜூன் மாதம் மும்பையில் மழை இறங்கியதும் கோவண்டி வீடுகளில் மரக்கதவுகள் அடம்பிடிக்கத் தொடங்கும். ஈரம் குடித்து உப்பிய பலகை நிலையில் சிக்கிக்கொள்ளும். ஆசாரி வந்து கதவின் ஓரத்தை நாலைந்து முறை இழைப்பார். சுருள் சுருளாகச் சீவல் விழும், கதவு பழையபடி மூடிக்கொள்ளும். அவர் கையில் இருப்பதைத் தமிழர் இழைப்புளி என்பார்கள், பக்கத்து வீட்டு இந்திக்காரர் ‘ரந்தா’ என்பார்.

பெயரிலேயே உளி இருக்கிறது. ஓர் உளியைச் சாய்வாகப் பிடித்துக்கொள்ளும் சட்டம்தான் இந்தக் கருவி. எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்பதை அந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

மரச் சட்டத்தில் உளித் தகட்டை ஆப்பு வைத்து இறுக்கி, சுத்தியலால் தட்டித் தட்டி ஆழத்தைச் சரிசெய்வது பழைய முறை. அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். திருகைச் சுழற்றி ஆழத்தை மாற்றும் இரும்பு இழைப்புளியைப் பரவலாக்கியவர் அமெரிக்கரான லெனார்ட் பெய்லி. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை அந்த வடிவத்தின் வழிவந்தவைதான். புதிதாகக் கற்பவருக்குத் திருகு உள்ளதே சுலபம்.

அளவுகளுக்கு எண்கள் உண்டு. 4ஆம் எண் சுமார் 9 அங்குல நீளம், மேற்பரப்பை மழமழப்பாக்க ஏற்றது. 7ஆம் எண் 22 அங்குலம், நீண்ட பலகைகளின் ஓரத்தை நேராக்க உதவும். சிறிய அறையில் அதை வைத்து வேலை செய்வது கடினம். இவற்றுக்கு நடுவில் இருக்கிறது 5ஆம் எண்: 14 அங்குல நீளம், 2 அங்குலத் தகடு. கதவோரத்துக்கும் ஆகும், பலகையின் முகத்துக்கும் ஆகும். முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

கோவண்டியில் ஹார்பர் ரயில் ஏறி மஸ்ஜித்தில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் நாக்தேவி தெருவின் கருவிக் கடைகள். பழையது போதும் என்றால் சோர் பஜார் இருக்கிறது. எங்கே வாங்கினாலும், அடிப்பாகம் தட்டையாக இருக்கிறதா என்று இரும்பு அளவுகோலை அதில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். தகடு வெளியே வரும் வாய்ப் பகுதியில் விரிசல் இருந்தால் வாங்கவே கூடாது. மேலோட்டமான துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். தகட்டின் பின்புறத்தில் துரு குழி பறித்திருந்தால் கூர் நிற்காது.

புதிய இழைப்புளியும் பெரும்பாலும் உடனே வேலைக்கு ஆகாது. தகட்டின் பின்புறத்தைத் தட்டையாக்கி, முன்சாய்வை 25 முதல் 30 டிகிரிக்குத் தீட்ட வேண்டும். அதனால் சாணைக்கல்லுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குவது நல்லது. மழுங்கிய தகடு மரத்தைச் சீவாது, பிய்த்தெடுக்கும்.

பழைய கதவில் ஆணி இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்க்க வேண்டும், ஒரே ஓர் ஆணி போதும் கூரைக் கெடுக்க. மேல், கீழ் ஓரங்களை இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி இழைத்தால் மூலை பிளக்காது. பிளைவுட்டின் பசை தகட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும் என்பதால் பழகுவதற்கு அது வேண்டாம், மிச்சம் கிடக்கும் தேக்குத் துண்டு போதும்.

தானே கழிமுகத்தின் உப்புக்காற்று கோவண்டியில் இரும்பை விட்டுவைக்காது. வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் அடிப்பாகத்தையும் தகட்டையும் துடைத்து, பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.