இரு திரைக்கு ஒரு தாங்கி

கணினி இல்லாத மாணவர் அறையை இன்று காண்பது அரிது. ஆனால் ஒரே திரையில் ஆய்வேட்டையும் மேற்கோள் நூலையும் அகராதியையும் மாற்றி மாற்றித் திறந்து மூடுவதற்குள் எழுத வந்த வாக்கியம் மறந்துபோகிறது. இரண்டாவது திரை ஒன்று இருந்தால் படிப்பது ஒரு பக்கம், எழுதுவது மறுபக்கம் என வேலை எளிதாகும். பழைய திரைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை எங்கே, எப்படி நிறுத்துவது?

கடையில் விற்கும் இரும்புக் கைகள் மேசையின் விளிம்பைக் கவ்விப் பிடிப்பவை. விடுதி மேசைகளோ பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. இரு திரைகளின் பாரம் முழுவதும் விளிம்பில் ஓரிடத்தில் இறங்கினால் அப்பலகை நசுங்கும், உடையும். மேசையும் நம்முடையதன்று, சேதத்திற்குப் பணம் கட்ட வேண்டியவர் நாம்தான். ஆகவே மேசையைத் துளைக்காமலும் கவ்வாமலும் தன் காலிலேயே நிற்கும் மரத்தாங்கி நமக்கு ஏற்றது. அதைச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

முதலில் திரையின் முதுகைப் பாருங்கள்

திரையின் பின்புறத்தில் சதுரமாக நான்கு துளைகள் இருக்கின்றனவா? இவை 'வேசா' எனும் அமைப்பு வகுத்த தர அளவில் அமைந்தவை. துளைக்குத் துளை 100 மி.மீ. அல்லது 75 மி.மீ. இருக்கும். இரண்டிலும் எம்4 திருகாணியே பொருந்தும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது 100 மி.மீ. துளையுள்ள இரண்டு 24 அங்குலத் திரைகள். அடிப்பாகத்தைக் கழற்றிவிட்டால் இத்தகைய திரை பெரும்பாலும் 3 முதல் 4 கிலோ எடை இருக்கும்.

தேவையான பொருட்கள்

2க்கு 3 அங்குல மரச்சட்டம் 9 அடி (இழைத்த பின் ஏறக்குறைய 4.5 செ.மீ.க்கு 7 செ.மீ. இருக்கும்). மெராந்தி அல்லது பைன் மரம் போதும். 12 மி.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகையில் 14 செ.மீ. சதுரத் துண்டுகள் இரண்டு. எம்4 திருகாணி 20 மி.மீ. நீளத்தில் எட்டு. தட்டைத் தலையுள்ள எம்6 போல்ட் 75 மி.மீ. நீளத்தில் நான்கு. எம்8 போல்ட் 110 மி.மீ. நீளத்தில் நான்கு. இவற்றுக்குரிய நட்டுகளும் வாஷர்களும். 'எல்' வடிவ இரும்புத் துண்டுகள் நான்கு, மரத்திருகாணிகள், மரப்பசை, உப்புத்தாள். மரக்கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிவிட்டால் டிரில் ஒன்றை மட்டும் இரவல் வாங்கினால் போதும்.

செய்முறை

சட்டத்தை இவ்வாறு அறுக்கவும்: குறுக்குச் சட்டம் 75 செ.மீ. ஒன்று, தூண் 40 செ.மீ. இரண்டு, பாதம் 32 செ.மீ. இரண்டு, பாதங்களை இணைக்கும் கட்டை 25 செ.மீ. ஒன்று.

பாதங்களைப் படுக்கையாக வைத்து, முன்புறம் 22 செ.மீ., பின்புறம் 10 செ.மீ. விட்டுத் தூணின் நடுக்கோடு வருமாறு நிறுத்துங்கள். பசை தடவி, அடியிலிருந்து மரத்திருகாணி முடுக்கி, முன்னும் பின்னும் 'எல்' இரும்பு பூட்டுங்கள். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்த பின், 25 செ.மீ. கட்டையால் இரு பாதங்களையும் இணையுங்கள்.

அடுத்தது உயரம். வழக்கமாக அமரும் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, மேசையிலிருந்து கண் வரை அளந்துகொள்ளுங்கள். திரையின் மேல்விளிம்பு அந்த அளவில் அல்லது சற்றுத் தாழ்வாக இருந்தால் கழுத்து வலிக்காது. கண் 45 செ.மீ. உயரத்தில் இருந்து, திரையின் உயரம் 32 செ.மீ. என்றால், அதில் பாதியான 16ஐக் கழித்து, 29 செ.மீ. உயரத்தில் குறுக்குச் சட்டத்தின் நடு வரவேண்டும். ரசமட்டம் வைத்து, எம்8 போல்ட்டால் தூணுக்கு இரண்டாகப் பூட்டுங்கள்.

சதுரப் பலகை ஒவ்வொன்றிலும் திரைக்குரிய நான்கு துளைகளையும், நடுவில் ஒரே மட்டத்தில் 6 செ.மீ. இடைவெளியில் இரண்டு எம்6 துளைகளையும் இடுங்கள். எம்6 போல்ட்டின் தலை பலகைக்குள் அமுங்கியிருக்க வேண்டும். முதலில் போல்ட்டைச் செருகி, அதன் பிறகே பலகையைத் திரையில் முடுக்குங்கள். திருகாணி திரைக்குள் 7, 8 மி.மீ. மட்டுமே போகலாம், நீளமானதை முடுக்கினால் உள்ளிருக்கும் பாகம் பழுதாகும். பின்னர் குறுக்குச் சட்டத்தில், பலகைகளின் நடுவிடையே 55 செ.மீ. இருக்குமாறு துளையிட்டுத் திரைகளை மாட்டிப் பின்னால் நட்டு போடுங்கள். திரைகள் நம்மை நோக்கிச் சற்றே திரும்ப வேண்டுமா? வெளிப்புறப் போல்ட்டில் மட்டும், பலகைக்கும் சட்டத்திற்கும் இடையே மூன்று வாஷர் செருகினால் ஏறத்தாழ 5 பாகை திரும்பும்.

பாதத்தைக் குறைக்காதீர்கள்

மேசையில் இடம் போகிறதே என்று பலருக்கும் முன்பாதத்தைக் குறைக்கத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். இரு திரைகள் 7 கிலோ. அந்தப் பாரம் தூணுக்கு 10 செ.மீ. முன்னால் இருக்கிறது. மரம் ஏறத்தாழ 4 கிலோ. முன்பாதம் 22 செ.மீ. இருந்தால், 45 செ.மீ. உயரத்தில் திரையின் மேல்விளிம்பைப் பிடித்து ஏறக்குறைய 3.8 கிலோ விசையோடு இழுத்தால்தான் தாங்கி முன்னால் சாயும். பாதத்தை 12 செ.மீ. ஆக்கினால் 1.4 கிலோ விசையே போதும். கால் இடறிய நண்பர் கம்பியை ஒருமுறை இழுத்தால் இரண்டு திரைகளும் தரையில்தான்! பாதத்தின் மேல் புத்தகங்களை அடுக்குங்கள். இடமும் வீணாகாது, தாங்கியும் இன்னும் உறுதியாகும்.

திரைகளை மாட்டும் முன் ஒரு சோதனை அவசியம். அவற்றின் எடைக்கு ஈடான தண்ணீர்ப் புட்டிகளை, திரைகள் வரவிருக்கும் இடங்களில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். சட்டம் வளையாமல், தூண் ஆடாமல் இருந்தால் துணிந்து மாட்டலாம். மாதம் ஒருமுறை நட்டுகளை முடுக்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மரம் உப்பிச் சுருங்குவதால் அவை தளரும்.

படித்து முடித்து விடுதியை விட்டுப் போகும்போது போல்ட்டுகளைக் கழற்றித் தாங்கியை இளைய மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். மேசையில் கீறல் இருக்காது. அடுத்த ஆண்டு இன்னொருவரின் ஆய்வேடு அதன் முன்னால் வளரும்.