லாஸ்பேட்டையின் 1,500 மீட்டர்

பாரிஸுக்குப் புறப்படும் புதுச்சேரிக்காரர் முதலில் ஏறுவது வாடகைக் காரில்தான். சொல்தா குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். பிள்ளைகள் பிரான்ஸில் இருப்பார்கள். அவர்களைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெட்டியைக் கைத்தராசில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். அரைக் கிலோ கூடிவிட்டால், எடுத்து வைப்பது வடகப் பொட்டலத்தையா ஊறுகாய் பாட்டிலையா என்று ஒரு வழக்கு நடக்கும். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் ஓடினால் சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையம். வீடு லாஸ்பேட்டை விமான நிலையத்துக்குப் பின்னாலேயே இருந்தாலும் இதே பாடுதான். உள்ளூர் ஓடுபாதையின் நீளம் 1,500 மீட்டர். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர்.

1,500 மீட்டர் என்றால் ஒன்றரைக் கிலோமீட்டர், போதாதா என்று தோன்றும். எழும்பும் வேகத்தில்தான் விஷயம் இருக்கிறது. இங்கே வந்துபோகும் ஏடிஆர் 72 மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகம் எடுத்தால் தரையை விட்டுவிடும். ஏர்பஸ் ஏ320 நிறைந்த சுமையோடு எழும்ப 270-ஐ நெருங்க வேண்டும். வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதானே என்று விட முடியாது. ஒரே சீராக வேகம் கூடிக்கொண்டு போனால், ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளரும். 1.35-ஐ 1.35-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.8 வரும். ஏடிஆருக்கு ஒரு கிலோமீட்டர் பிடித்தால் ஏர்பஸுக்கு ஒன்றே முக்காலுக்கு மேல்.

அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். விமானிகள் ‘வி-ஒன்’ என்றொரு வேகத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு இன்ஜின் நின்றால் பிரேக் போட்டு, மிச்சமிருக்கும் பாதைக்குள் நின்றாக வேண்டும். அதைத் தாண்டிய பிறகு நின்றால், மீதி இருக்கும் ஒற்றை இன்ஜினோடு எழும்பியாக வேண்டும். இரண்டும் கையிலுள்ள நீளத்துக்குள் அடங்கும் என்று காகிதத்தில் காட்டாமல் சக்கரம் உருளாது. ஆளையும் எரிபொருளையும் குறைத்துக்கொண்டால் பெரிய ஜெட்டும் குட்டைப் பாதையில் எழும்பும்தான். பாதி இருக்கையைக் காலியாக விட்டு எந்தக் கம்பெனி ஓட்டும்?

ஏடிஆருக்குக் கைகொடுப்பது அதன் விசிறி. ஆறு இதழ், ஏறக்குறைய நான்கு மீட்டர் விட்டம். அது நிறையக் காற்றை மெதுவாகப் பின்னே தள்ளுகிறது. ஜெட் அதைவிடக் குறைந்த காற்றை வேகமாகத் தள்ளுகிறது. குறைந்த வேகத்தில் முதல் வழிக்குத்தான் உந்துவிசை அதிகம், எண்ணெய்ச் செலவும் குறைவு. இறங்கியதும் இதழ்களின் கோணத்தைத் திருப்பிவிட்டால் அந்த விசிறியே பிரேக்காகவும் ஆகிவிடும்.

அக்னி நட்சத்திர வெயில் வேறு. 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்றுக்கு அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இன்ஜினும் களைக்கும், ஓட்டம் நீளும். ஆனால் கடல் பக்கத்தில் இருப்பதால் ஒரு சலுகை உண்டு. ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. சாயங்காலக் கடற்காற்றை எதிர்கொண்டு கிழக்கே ஓடினால், 20 கிலோமீட்டர் எதிர்காற்றுக்கே ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். கணக்கு எழுதும்போது அந்தக் காற்றில் பாதியைத்தான் சேர்க்கலாம் என்பது விதி. காற்றை முழுசாக நம்பக் கூடாது அல்லவா!

ஆக, இங்கே ஏடிஆர் அளவுதான். 2013-இல் புதிய முனையம் திறந்ததும் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்குப் பறந்தது, அடுத்த ஆண்டே நின்றது. 2015-இல் ஏர் இந்தியாவின் துணை நிறுவனம் வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. 2017-இல் மத்திய அரசின் ‘உடான்’ மானியத்தோடு ஹைதராபாத் சேவை. கொரோனாவில் நின்று, 2022-இல் திரும்பி, 2024 மார்ச் முடிவில் மறுபடி நின்றது. அந்த டிசம்பர் 20 அன்று இண்டிகோ வந்தது.

இந்தப் பட்டியலைக் காட்டி, ‘ஊரில் விமானத்துக்கு ஆளில்லை’ என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. போக்குவரத்து நிபுணர்கள் இரு ஊர்களுக்கு இடையிலான பயணத் தேவையை நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போன்ற ஒரு சூத்திரத்தில் மதிப்பிடுவார்கள். மக்கள்தொகையும் வருமானமும் கூடினால் தேவை கூடும், தூரம் கூடினால் குறையும். நம் கதையில் பக்கத்திலேயே சென்னை என்ற பெருங்கோள் இருக்கிறது. நாளுக்கு ஓரிரு விமானம் என்றால், பத்து மணிக்குக் கூட்டம் உள்ளவர் முந்தைய நாளே போய்த் தங்க வேண்டும். அதற்குப் பதிலாக அவர் காரெடுத்து மீனம்பாக்கம் போய்விடுகிறார். அவரும் அங்கே சென்னைப் பயணியாகத்தான் எண்ணப்படுகிறார். காலி இருக்கையைப் பார்த்து கம்பெனி சேவையைக் குறைக்கும். குறைந்ததால் இன்னும் பத்துப் பேர் கார் ஏறுவார்கள். புதுச்சேரியின் தேவையை எண்ணுகிறவர் முனையத்தில் உட்காரக் கூடாது. ராத்திரி பத்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கூரையில் பெட்டி கட்டிய கார்களை எண்ண வேண்டும்.

அப்படியானால் பாதையை நீட்டிவிடலாமே? அங்கேதான் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் குறுக்கே வருகிறது. புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டு ஊர்களுக்கு இடையே திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் மாறியது. எல்லைக்கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. பெரிய விமானம் இறங்கும் அளவுக்குப் பாதையை நீட்டப் புதுச்சேரி நிலம் மட்டும் போதாது, எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு நிலமும் வேண்டும். தமிழ்நாட்டுக்கோ பரந்தூர் இருக்கிறது. 2022-இல் சென்னையின் புதிய விமான நிலையத்துக்கு அந்த இடம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, அங்குள்ள ஏகனாபுரத்து மக்கள் ஏரியையும் வயலையும் விட மாட்டோம் என்று போராடி வருகிறார்கள். விமான நிலையத்துக்கு நிலம் கேட்பது எவ்வளவு சுடும் என்பது சென்னைக்குத் தெரியும்.

லாஸ்பேட்டை என்ற பெயர் ஆளுநர் லா தெ லோரிஸ்தோனால் வந்தது என்பார்கள். அவருடைய பெரியப்பா ஜான் லா, 1720-இல் வெடித்த மிசிசிப்பி பங்குக் குமிழியின் நாயகர்: வராத வருமானத்தைக் காட்டிப் பங்கு விற்றவர். விரிவாக்கத் திட்ட அறிக்கைகளில் பயணிகள் எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

ஹெலிபேட் மைதானத்தில் மாலை நடைக்கு வரும் பெரியவர் ஒருவர், விசிறிச் சத்தம் கேட்டதும் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “இன்னிக்கு கரெக்ட் டைம்” என்று பக்கத்தில் வருகிறவரிடம் சொல்வார். அவர் மகளைப் பார்க்க லியோனுக்குப் போவது அடுத்த மாதம். காருக்குச் சொல்லிவிட்டாராம்.