டர்போசார்ஜர் பழுதறிதல்

டர்போசார்ஜர் என்பது எஞ்சினின் வெளியேறு புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி ஆகும். இதன் தண்டு நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே.

காரின் இழுவை குறைந்ததும் டர்போவையே மாற்றச் சொல்வதுண்டு. ஆனால் கிழிந்த காற்றுக்குழாய், தளர்ந்த கிளாம்ப், அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர் ஆகியவையும் இதே அறிகுறியைத் தரும். செலவு குறைந்த இவற்றை முதலில் பார்ப்பதே முறை. வேகம் கூட்டும்போது 'புஸ்' என்ற ஒலி வந்தால் காற்றுக் கசிவை ஐயுறலாம். சைரன் போன்ற கூவல் பேரிங் தேய்வைக் காட்டக்கூடும்.

டீசல் காரில் கரும்புகை என்றால் காற்று போதவில்லை. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. அதற்குப் பிஸ்டன் வளையத் தேய்வும் காரணமாகலாம்.

எஞ்சின் ஆறியபின் காற்றுக்குழாயைக் கழற்றித் தண்டை அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. முன்பின்னாகக் கைக்குத் தெரியும்படி அசைந்தாலோ, இறக்கைகள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ பழுதே. குழாயினுள் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது மட்டும் பழுதன்று.

எண்ணெய் வரும் குழாய் கசடால் அடைத்திருந்தால், புதிய டர்போவும் விரைவில் கெடும். ஆகவே மாற்றும்போது அக்குழாயையும் எண்ணெயையும் மாற்றுவது அவசியம்.

நீலப்புகை மிகுந்தால் டீசல் காரை ஓட்டக்கூடாது. டர்போவில் கசியும் எண்ணெயையே எரிபொருளாக்கி எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது.