ஜரிகை வழியாக ஓம் விதி

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய திருமாகறலீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு, டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் சட்டைப் பையில் தறியில் மிஞ்சிய ஜரிகைத் துண்டு ஒன்று இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் கற்க வரும் தம்பிகளிடம் சூத்திரத்துக்கு முன்னால் நான் கொடுப்பது இதைத்தான்.

நுனியை நகத்தால் நிமிண்டுங்கள். சுருள் அவிழும். உள்ளே சிவப்புப் பட்டு. அதன்மேல் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பி, மேலே பொன்முலாம். கம்பி என்றால் மின்சாரம் ஓடும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். சைபர் வராமல் ஏதோ சிறிய எண் காட்டினால், அது மீட்டர் ஒயரின் தடை. ஒவ்வொரு அளவிலும் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இப்போது ஜரிகையின் இரு நுனிகளையும் தொடுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி நீளத்தில் தொட்டுப் பாருங்கள்: எண்ணும் ஏறத்தாழ பாதியாகும். நீளம் கூடினால் தடை கூடும் என்பதை இனி யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஜார்ஜ் சைமன் ஓம் செய்ததும் இதுதான். பூட்டுத் தொழிலாளியின் மகன், ஜெர்மனியின் கொலோனில் பள்ளி ஆசிரியர். வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி, ஓட்டம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். 1827-இல் நூலாக வெளியிட்டார். மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கி வருவது. வோல்ட் = ஆம்பியர் × ஓம்.

இதை வைத்து ஒரு சிவப்பு எல்இடியை எரிய வைப்போம். பேட்டரி 9 வோல்ட். எல்இடி தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை ரெசிஸ்டர்தான் தாங்க வேண்டும். ஓட்டம் 10 மில்லியாம்பியர் போதும், அதாவது 0.01 ஆம்பியர். 7-ஐ 0.01-ஆல் வகுத்தால் 700 ஓம். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 700 கேட்டால் 680-ஐத்தான் எடுத்துத் தருவார்கள், அதுவே போதும். வாட் என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குவது: 7 × 0.01 = 0.07 வாட். கால் வாட் ரெசிஸ்டர் சூடே ஆகாது.

வாட் கணக்கை யாரும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். உங்கள் ஜரிகைத் துண்டு 10 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். அதை நேரே 9 வோல்ட்டில் மாட்டினால் 0.9 ஆம்பியர் ஓடப் பார்க்கும்; 8 வாட்டுக்கு மேல். அந்த மெல்லிய இழையில் அவ்வளவு சூடு ஏறினால் பட்டு கருகிவிடும். வீட்டின் 230 வோல்ட் பிளக் பக்கமே இழையைக் கொண்டுபோகக் கூடாது. அது உயிர் விஷயம்.

இன்னொன்றும் கேட்பார்கள்: மீட்டரை வைத்து அசல் வெள்ளி ஜரிகையைக் கண்டுபிடிக்கலாமா? முடியாது. வெள்ளிக்கும் போலி ஜரிகையில் வரும் செம்புக்கும் மின்தடை வித்தியாசம் ஐந்தாறு சதவீதம்தான். கம்பி ஒரு மயிரிழை தடித்தாலே அந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

1990-களில் அமெரிக்காவின் எம்ஐடியில் மேகி ஆர்த், ரெமி போஸ்ட் இருவரும் துணியிலேயே மின்சுற்று செய்யத் தேடியபோது, கையில் எடுத்தது இந்தியாவில் நெய்த ஜரிகைப் பட்டைத்தான். பாவு வெறும் பட்டு. ஊடை உலோகம் சுற்றிய இழை. ஊடை வழியே மின்சாரம் ஓடும், பாவு வழியே ஓடாது. அந்தக் குணத்தை வைத்துத் துணியாலேயே விசைப்பலகை செய்தார்கள்.

நாமும் அந்தப் 10 ஓம் ஜரிகையை ஒயருக்குப் பதிலாக எல்இடி சுற்றில் கோப்போம். மொத்தத் தடை 690 ஓம். 680 ஓமில் 10.3 மில்லியாம்பியர் இருந்த ஓட்டம் 10.1 ஆகும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இழையைப் பேட்டரி முனையில் அழுத்திப் பிடியுங்கள், தம்பி, விளக்கு எரிகிறது பாருங்கள்.