சூடு வேண்டும்போது ஏசி ஏன் குளிர்காற்றை ஊதுகிறது?

கொச்சியின் கொச்சங்காடியில் யாரும் ஏசியின் சூட்டு பட்டனைத் தொடுவதில்லை. அங்கே வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. ஏசி குளிரூட்டும்போது அங்குள்ள மட்டாஞ்சேரி வீடுகளின் வெளிச்சுவரில் குழாய் வழியே நாளெல்லாம் சொட்டும் தண்ணீரைப் பாருங்கள். அறைக்குள் இருக்கும் சில்லென்ற காயிலில் காற்றின் ஈரம் படிந்து வடிகிறது.

ஊட்டியின் பனிக்கால இரவில் அதே இயந்திரத்தைச் சூட்டுக்கு மாற்றினால், குளிர்பதன வாயு ஓடும் திசையை ஒரு நான்கு வழி வால்வு திருப்பிவிடும். இப்போது குளிரும் காயில் வெளியே இருக்கிறது. அதில் படியும் ஈரம் வடியாமல் உறைந்துபோகும். உறைபனி காற்றோட்டத்தை அடைத்துவிடுவதால், இயந்திரம் சில நிமிடங்களுக்குக் குளிரூட்டும் திசைக்கே திரும்பி, வெளிக்காயிலைச் சூடாக்கிப் பனியை உருக்கும். அப்போது உள்விசிறி பொதுவாக நின்றுவிடும். நிற்காவிட்டால் அறைக்குள் குளிர்காற்றுதான் வரும். இது பழுதல்ல. வெளியூனிட்டிலிருந்து ஆவி எழும், அதன் விசிறியும் நின்றிருக்கும்.

குளிர்காற்று கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் சந்தேகம் வர வேண்டும். வெளியூனிட் விசிறி சுழலும்போது அதன் முன்னால் கையை நீட்டுங்கள். சூட்டு முறையில் அங்கே வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்று வர வேண்டும். சூடான காற்று வந்தால் வால்வு திரும்பவில்லை: அதன் மின்சுருளோ போர்டோ கெட்டிருக்கலாம், வால்வே சிக்கியிருக்கலாம். உள்ளே, வெளியே இரண்டு பக்கமும் காற்றில் வேறுபாடே தெரியாவிட்டால் கம்ப்ரஸர் ஓடுகிறதா, வாயு கசிந்ததா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வாயுவை அளக்காமல் நிரப்பிவிட்டுப் போக மட்டும் விடாதீர்கள்.